நவமிச் சாப்பாடு

அத்தியாயம் 14

வசந்தியின் செல்போன் அடித்தபோது பூஜை முடிந்து கற்பூர வாசனைகூட இன்னும் அடங்கவில்லை.

நாகரத்தினம் மதினி திருநெல்வேலியிலிருந்து ரயிலேறி வந்ததும், வந்த வேகத்திலேயே தம்பி வீட்டில் கொலுப்படி கட்டியதும், வசந்தியின் மகள் மதுவந்திக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் ஜாதகத்தை யாரும் கேட்காமலே எடுத்து அலமாரியில் வைத்ததும் உங்களுக்குத் தெரியும். வசந்தி துறைமுகத்தின் ஒப்பந்தப் பிரிவிலிருந்து சிறைத்துறைக்கு டெபுடேஷனில் போனதும் தெரியும். புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக இன்னும் ஒரு வரி. கல்கத்தா கொல்கத்தாவாகி மூன்று வருஷமாகிறது. ஜெயிலையும் இப்போது ஜெயில் என்று சொல்லக்கூடாது, கரெக்‌ஷனல் ஹோம் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே சலவை, ஜெனரேட்டர், சமையல் என்று ஒவ்வொன்றாக வெளியாருக்குக் குத்தகை விட்டு மேய்ப்பதுதான் வசந்தியின் வேலை. முதலில் கைவைத்தது ஒரே ஒரு சிறையின் சமையற்கட்டில். மகாளய அமாவாசையிலிருந்து அங்கே கோகன் பாபுவின் கேட்டரிங் நடக்கிறது.

இது வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

"மேடம், காலை டீயை ஒருத்தரும் வாங்கல. கெட்டில் கெட்டிலா அப்படியே திரும்பி வந்திருக்கு" என்றார் சிறை சூப்பரின்டென்டென்ட் தத்தா. அவர் பேசியது வங்காளத்தில். நமக்காகத்தான் தமிழில் சொல்கிறேன்.

"ஏன், டீ நல்லாயில்லையா?"

"டீயில ஒண்ணும் தப்பில்ல. இன்னிக்கு மத்தியானம் என்ன சாப்பாடுன்னு நேத்து சாயங்காலம் போர்டுல எழுதிப் போட்டோம். புலாவ், பனீர், பாயசம்."

"நல்லாத்தானே இருக்கு?"

தத்தா கொஞ்சம் இழுத்தார். வளர்ந்த மனிதரிடம் குழந்தைக்குச் சொல்வது போல் சொல்ல வேண்டியிருக்கிறதே என்ற தயக்கம்தான் அது.

"மேடம், இன்னிக்கு நவமி."

"தெரியுமே. நவமிங்கிறதாலதானே பாயசம் சேர்த்து ஸ்பெஷலா…"

"நவமிக்கு மாங்ஷோ, மேடம். ஆட்டுக்கறி."

"ஆட்டுக்கறியா!" என்றாள் வசந்தி.

கல்கத்தாவுக்கு வாழவந்து இருபது வருஷம். துர்கா பூஜை அஷ்டமியன்று பந்தலில் கிச்சடி வாங்கிச் சாப்பிட்டிருக்கிறாள். பூரி சாப்பிட்டிருக்கிறாள். எல்லாம் சைவம். மறுநாள் நவமிக்கு அவள் எந்த வங்காளி வீட்டுப் படியும் ஏறியதே இல்லை. எப்படி ஏறுவாள்? நவமியென்றால் அவள் வீட்டில் சரஸ்வதி பூஜை. வெங்காயம்கூட எட்டிப்பார்க்காத நாள். அந்தப் பழக்கத்திலேயே ஒப்பந்தத்தின் கடைசித் தாளில் பண்டிகைச் சாப்பாடு எழுதும்போது நவமிக்கும் கை தன்னால் சைவத்தை எழுதிவிட்டது. மேஜை மேஜையாகப் போன காகிதத்தைப் பார்த்த அத்தனை வங்காளி குமாஸ்தாக்களும், மேடம் ஏதோ காரணத்தோடுதான் எழுதியிருப்பார் என்று மரியாதையாக விட்டுவிட்டார்கள்.

"மேடம், உள்ள இருக்கறவங்களுக்குப் பொழுது விடிஞ்சா பருப்பும் சோறும்தான்" என்றார் தத்தா. "வீட்டுல பெண்டாட்டி பிள்ளை இன்னிக்கு என்ன சாப்பிடுதோ, அதையே நானும் சாப்பிடறேன்னு நெனச்சுக்க வருஷத்துல இந்த ஒரு வேளை. மத்தியானத்துக்குக் கறி வரலேன்னா சோத்தையும் திருப்பிடுவாங்க. அப்புறம் உங்க கான்ட்ராக்ட் என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல."

சொல்ல வேண்டியதில்லைதான். சமையற்கட்டில் வேலை பார்த்த கைதிகளை வெளியே தள்ளக்கூடாது, கோகன் பாபுவின் கீழே கூலியோடு அதே வேலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று அவள் மல்லுக்கட்டி வாங்கிய ஷரத்தும் அதோடு போய்விடும். ஆனால் அந்த நிமிஷத்தில் வசந்தியை அறுத்தது அது இல்லை. வருஷத்துக்கு ஒரு வேளை. அதைப் பிடுங்கி வைத்தவள் நான். இதுதான் அறுத்தது.

உடனே கோகன் பாபுவுக்குப் போன் போட்டாள்.

"தீதி, நான் மூணு நாளா உங்களைக் கேக்கணும்னு நெனச்சு நெனச்சு வாயை மூடிக்கிட்டேன்!" என்று அவர் பொங்கினார். தீதி என்றால் அக்கா. "ஆனா ஆட்டுக்கடையில சொல்லி வச்சாச்சு. நவமியன்னிக்குக் கறியில்லாத சாப்பாடு என் கையால போகாது. உள்ள விடலேன்னா எங்க பவானிபூர் பந்தல்ல போட்டுடறதுன்னு இருந்தேன்."

"பாபு, நீங்க தெய்வம்! அப்ப உடனே எடுத்துட்டுப் போங்க."

"எப்படிப் போறது? லிஸ்ட்ல இல்லாத பச்சை மிளகாய்கூட ஜெயில் கேட்டைத் தாண்டாது. மாத்தணும்னா உங்க கையெழுத்தும் முத்திரையும் வேணும். நீங்கதானே அப்படி எழுதி வச்சீங்க?"

அவளேதான் எழுதி வைத்தாள். சோற்றுக்குள் எதையாவது வைத்துக் கடத்திவிடக் கூடாதே என்று, அவ்வளவு உஷாராக.

"என் வீட்டுக்கு வாங்க. போட்டுத் தரேன்" என்று போனை வைத்தவள், முத்திரை எங்கே என்று யோசித்தாள். பூஜை லீவுக்கு ஆபீஸைப் பூட்டும்போது, அங்கே விட்டுவர மனமில்லாமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தது நினைவிருந்தது. கைப்பையில் இல்லை.

"ஏங்க, என் ஆபீஸ் முத்திரையைப் பார்த்தீங்களா?"

செந்தில்நாதன் பெருமையாகக் கொலுப்பக்கம் கையைக் காட்டினார். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் வேலை பார்க்கும் அவருக்கு ஆயுத பூஜையென்றால் வீட்டில் ஓர் ஆணிகூட விட்டுப்போகக் கூடாது. மஞ்சள் துணியில் மதுவந்தியின் காலேஜ் புத்தகங்கள், வீட்டிலிருந்த அத்தனை பேனா, அவருடைய ஸ்குரூ டிரைவர், நட்டநடுவே சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வசந்தியின் முத்திரை.

"உன்னோட ஆயுதம் அதுதானே?" என்றார்.

அதற்குள் அடுக்களையிலிருந்து நாகரத்தினம் மதினி பாயசக் கரண்டியோடு வந்துவிட்டாள்.

"என்ன வசந்தி, சாமியைப் பார்த்துக்கிட்டு நிக்க?"

"மதினி, அந்த முத்திரை வேணும்."

"நாளைக்கு மறுபூஜை போட்டு எடுத்துக்கிடலாம்."

"இப்பமே வேணும் மதினி."

"சாமிக்கு முன்னால வச்சதை நடுவுல உருவுறதாவது! அப்படி என்ன தலைபோற காரியம்?"

கைதிகளுக்கு மருந்து வாங்க என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொன்னால் மதினி மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவாள். ஆனால் ஒரு தப்பு செய்தது காலையில் தெரியவந்த நாளில், அதன் தலையில் இன்னொன்றை ஏற்ற வசந்திக்கு மனசு வரவில்லை.

"ஆட்டுக்கறிக்கு மதினி."

செந்தில்நாதனுக்கு அக்காவுக்கும் பெண்டாட்டிக்கும் நடுவில் முகத்தை மறைத்துக்கொள்ள ஒரு பேப்பர்கூட இல்லை. துர்கா பூஜைக்கு ஊரில் பேப்பருக்கு லீவு. சரஸ்வதி பூஜைக்கு அந்த வீட்டில் படிப்புக்கும் லீவு.

"சரஸ்வதி பூஜையன்னைக்கு" என்றாள் மதினி நிதானமாக, "சைவப்பிள்ளை வீட்டுல, சந்தனப் பொட்டு வச்ச முத்திரையை எடுத்து, ஆட்டுக்கறிக்குக் குத்தப் போறே. அதானே?"

"ஆமா மதினி."

"யாரு திங்கிறதுக்கு?"

வசந்தி சொன்னாள். டீ திரும்பி வந்ததை, வருஷத்துக்கு ஒரு வேளையை, தான் எழுதிய கடைசித் தாளை, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். மதினி கரண்டியை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இந்த ஊருக்காரவுகளுக்கு நவமின்னா அதான் சாப்பாடா?"

"அதான் மதினி."

"நம்மளைத் தூக்கி உள்ள போட்டு, தீவாளிக்கு எண்ணெயும் கெடையாது, பலகாரமும் கெடையாதுன்னு ஒருத்தன் எழுதி வச்சா எப்படி இருக்கும்?" மதினி யாரையும் பார்க்காமல் பேசினாள். "அவன் இலையில கொண்டுபோய் நம்ம ஆசாரத்தைப் பரிமாறிட்டியே வசந்தி."

திட்டுதான். ஆனாலும் அதைக் கேட்டதும் வசந்திக்கு மூச்சு சீராக வந்தது. தப்பு இன்னதென்று இவ்வளவு சரியாக ஒருவர் சொல்லிவிட்டால், பாதி பாரம் இறங்கிவிடுகிறது.

"முத்திரை அந்த மஞ்சத்துணியை விட்டு வெளிய போகப்படாது" என்று மதினி எழுந்தாள். "காகிதத்தை இங்கன கொண்டா. எழுதுறதை வாசலுக்கு வெளிய வச்சு எழுது. நம்ம வீட்டுப் பேனாவைத் தொடப்படாது."

கோகன் பாபு மூச்சிரைக்க மாடி ஏறி வந்தார். அவர் கொண்டுவந்த காகிதத்தில், அவர் பேனாவால், மாடிப்படியில் உட்கார்ந்து வசந்தி மாற்று உத்தரவை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்த கோகன் பாபு, துணியில் கிடந்த புத்தகங்களைக் கண்டு மதுவந்தியிடம் கேட்டார்.

"இது என்னம்மா?"

"சரஸ்வதி பூஜை, காக்கு" என்றாள், வங்காளிப் பிள்ளைகள் சித்தப்பாவைக் கூப்பிடுவது போல.

"இன்னிக்கா? அது மாக மாசத்துல வரதாச்சே!"

"எங்களுக்கு இன்னிக்குத்தான்."

"அரே பாப்ரே" என்றார் கோகன் பாபு. நவமிக்கு ஏன் பனீர் வந்தது என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

மதினி காகிதத்தை வாங்கி மஞ்சள் துணியின் ஓரத்தில் விரித்தாள். வசந்தி மண்டியிட்டு, முத்திரையை நெட்டுக்குத்தாக எடுத்து, குத்தி, எடுத்த இடத்திலேயே வைத்தாள். சந்தனம் கலையவில்லை. குங்குமம் மட்டும் முத்திரையின் ஓரத்தோடு காகிதத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டது.

"போயிட்டு வா. பாயசம் இருக்கட்டும்" என்றாள் மதினி.

மதுவந்தியும் கூடவே கிளம்பினாள். பூஜைக் கூட்டத்துக்காக எந்தத் தெருவை அடைத்திருக்கிறார்கள், எது திறந்திருக்கிறது என்பது அந்த வீட்டில் அவளுக்குத்தான் அத்துபடி. லேக் மார்க்கெட்டிலிருந்து டாக்ஸிக்காரனை அவள் சந்து சந்தாக நுழையச் சொன்னாள். இரண்டு பக்கமும் புதுத்துணி கட்டிய கூட்டம், மேளச் சத்தம், எக் ரோல் கடைகள். டாக்ஸிக்கு முன்னால் கோகன் பாபுவின் வண்டி கறியோடு போய்க்கொண்டிருந்தது.

சிறையின் முதல் கேட்டில் நின்ற காவலர் மாற்று உத்தரவை வாங்கி வரி வரியாகப் படித்தார். முத்திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். ஓரத்துக் குங்குமத்தைப் பார்த்ததும் காகிதத்தை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார். வண்டி உள்ளே போனது.

அதற்கப்புறம் காத்திருப்புத்தான். கேட்டை ஒட்டியிருந்த தத்தாவின் அறையில் தாயும் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சமையற்கட்டிலிருந்து வாசனை வர ஆரம்பித்தது. வசந்தி முந்தானையை மூக்குப் பக்கம் கொண்டுபோய், தத்தா பார்க்கிறார் என்று கீழே விட்டாள். மதுவந்தி மூக்கை மூடவில்லை என்பதை அவள் கவனித்திருக்கலாம். பதற்றத்தில் கவனிக்கவில்லை.

கோகன் பாபுவே ஒரு கிண்ணத்தில் ஆவி பறக்கக் கொண்டுவந்து வசந்தியின் முன்னால் வைத்தார். பக்கத்தில் ஒரு ஸ்பூனும் வைத்தார்.

"இது எதுக்கு?"

தத்தா லேசாக இருமினார். "உங்க ஷரத்துதான் மேடம். பண்டிகைச் சாப்பாட்டை ஒப்பந்த அதிகாரி ருசி பார்த்து, சரின்னு சொன்ன பிறகுதான் பரிமாறலாம்."

ஆமாம், அதையும் அவள்தான் எழுதினாள். பனீரையும் பாயசத்தையும் ருசி பார்க்கப் போகிறோம் என்ற நினைப்பில் எழுதினாள்.

"தத்தா பாபு, நீங்களே கொஞ்சம்…"

"சிறை ஆட்கள் பார்க்கக்கூடாதுன்னும் எழுதியிருக்கீங்களே மேடம். கான்ட்ராக்டரோட கூட்டு சேர்ந்துடுவோம்னு." அவர் குரலில் குத்தல் இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. கண்ணில் மட்டும் சிரிப்பு இருந்தது.

உள்ளே வரிசையில் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தட்டுச் சத்தம் கேட்டது. வசந்தி ஸ்பூனை எடுத்தாள். கிண்ணத்துக்குக் கொண்டுபோனாள். அவ்வளவுதான், கை மேலே வரமாட்டேன் என்றது. பிறந்ததிலிருந்து தொடாதது. ஊரில் யாரும் பார்க்கவில்லைதான். ஆனாலும் கைக்கு அது தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது. ஒரு வாய், ஒரே ஒரு வாய். அதற்காக அத்தனை பேரும் காத்திருக்கிறார்கள்.

"அம்மா, அதிகாரி மட்டும்தானா? வேற யாரும் பார்க்கக்கூடாதா?" என்றாள் மதுவந்தி.

"அதிகாரி, அல்லது அவர் நியமிக்கும் வெளியாள்" என்றார் தத்தா, மனப்பாடமாக.

"அப்ப என்னை நியமி."

"மது!"

"நியமிம்மா. சோறு ஆறுது."

வசந்தி தலையை ஆட்டினாளா, இல்லை தலை தானாக ஆடியதா என்று அவளுக்கே தெரியாது. மதுவந்தி ஸ்பூனை வாங்கிக் கீழே வைத்தாள். கிண்ணத்தை இழுத்துக்கொண்டு, கையாலேயே ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டாள். முகம் சுளிக்கவில்லை. கண்ணை மூடி மென்றாள். பிறகு சுத்தமான வங்காளத்தில் ஆரம்பித்தாள்.

"உப்பு சரியா இருக்கு. ஆனா ஆலு எங்க காக்கு? நவமி மாங்ஷோல உருளைக்கிழங்கு இல்லாம எப்படி?"

"அடியில இருக்கும்மா, அடியில பாரு."

அடியில் இருந்தது. அதையும் சாப்பிட்டாள். "ஆலு பிரமாதம். கறி மட்டும் இன்னும் கொஞ்சம் வேகட்டும். மாஷிமா செஞ்சா எலும்புலேருந்து தன்னால கழண்டு வரும்."

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. மாஷிமா என்றால் சிநேகிதர்களின் அம்மா. எந்த சிநேகிதர், எத்தனை தடவை, எந்த வீடு? அத்தனை கேள்விகளும் வசந்தியின் முகத்தில் வரிசையாக ஏறி நின்றன. தத்தா ஜன்னல் வழியாக எதையோ மும்முரமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"வேகட்டும்னு சொல்றாங்க இல்ல, வேக விடுங்க பாபு" என்றாள் வசந்தி. "வெந்ததும் பரிமாறலாம்."

கொஞ்ச நேரம் கழித்து தத்தா அவளை உள்கேட்டின் சின்ன ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். முற்றத்தில் நீள வரிசைகள். எல்லோர் தலையும் தட்டின்மேல் குனிந்திருந்தது. நரைத்த தாடிக்காரர் ஒருவர் உருளைக்கிழங்கை மட்டும் தட்டின் ஓரமாகக் கடைசிக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, கறியை விரலால் நீவி நீவிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வசந்திக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. தன் வாழ்நாளில் வீட்டுக்குள் நுழைய விடாத ஒரு சாப்பாட்டை, இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டு நிற்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

"அடுத்த வருஷ மெனுவை நான் எழுத மாட்டேன் தத்தா பாபு. இவங்களைக் கேட்டு எழுதுவோம்."

"அப்ப ருசி பார்க்கிற ஷரத்து?"

"அது அப்படியே இருக்கட்டும்" என்றாள் வசந்தி, மகளைத் திரும்பிப் பார்க்காமல்.

டாக்ஸியில் ஒரு பேச்சும் இல்லை. மதுவந்தி ஒரு ஜன்னல் பக்கம், வசந்தி மறு ஜன்னல் பக்கம்.

வீட்டு வாசலிலேயே மதினி பிடித்துக்கொண்டாள். "சாப்பிட்டாகளா?"

"சாப்பிட்டாக மதினி. ஒரு பருக்கை மிச்சமில்ல."

"அப்பாடா!" மதினி கொலுவைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். "காலையிலேருந்து எனக்கு இருப்புக்கொள்ளல."

அந்தச் சந்தோஷத்தைப் பார்த்த சந்தோஷத்தில் மதுவந்தி வாயை விட்டாள். "ஆலுவும் நல்லா வெந்திருந்துச்சு அத்தை!"

மதினி மெதுவாகத் திரும்பினாள். "வெந்திருந்தது உனக்கு எப்படிட்டி தெரியும்?"

செந்தில்நாதன் கையால் துழாவினார். பேப்பர் இல்லை.

அலமாரியில் அந்த ஜாதகம் இருந்தது. அது மதினி அலைந்து திரிந்து பார்த்த சைவப்பிள்ளை வீட்டு ஜாதகம். வசந்தி அதைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். அப்புறம் காலையில் மருந்து என்று பொய் சொல்லத் துணியாத அதே வாயால் சொன்னாள்.

"ருசி பார்த்துத்தான் பரிமாறணும்னு கான்ட்ராக்ட். நான்தான் பார்த்தேன் மதினி. வழியில இவகிட்ட சொல்லிக்கிட்டு வந்தேன்."

மதுவந்தி சட்டென்று அம்மாவைப் பார்த்தாள்.

மதினி தாயை உச்சிமுதல் பாதம்வரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். மகளைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வா வசந்தி. பாயசம் தரேன்" என்றாள். அடுக்களைக்குப் போக இருந்தவள் நின்று, "நீயும் குளிட்டி" என்றாள்.

"நான் எதுக்கு அத்தை?"

"பக்கத்துல நின்னதுக்கு."

குளியலறை வாசலில் மதுவந்தி அம்மாவின் கையைப் பிடித்தாள். கண் கலங்கியிருந்தது.

"அம்மா, அந்த மாஷிமா யாருன்னு நீ கேக்கவே இல்லியே."

வசந்தி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இன்னைக்குத்தான் எதையும் படிக்கப்படாதே. நாளைக்கு விஜயதசமி. புதுசா ஒண்ணு கத்துக்கிடுற நாள். காலையில சொல்லு, கத்துக்கிடுதேன்."